அணிலுக்குச் சேர வேண்டிய பல்

பாற்பல் பாதுகாப்பில் எங்கள் மாவட்டம் ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்தது. இதை நான் சொல்லவில்லை, லொறி சொன்னது. அறுபத்தேழாம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், முன்னால் ஒலிபெருக்கியும் பின்னால் பலகையில் செய்த ஆளுயரக் கடைவாய்ப் பல் ஒன்றும் கட்டிக்கொண்டு, அந்த லொறி கல்முனை வீதியில் ஊர் ஊராக வந்தது. குருக்கள்மடத்தைத் தாண்டி எங்கள் கண்டல்முனைக்கு அது வந்து சேர்ந்தபோது மத்தியானம். வாவியில் வலை இழுத்துவிட்டு வந்தவர்கள் சோறு தின்னவும் போகாமல் லொறியைச் சுற்றிக் கூடினார்கள். படம் காட்டப்போகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

படம் இல்லை. பேச்சுத்தான் இருந்தது.

பேசியவர் மாவட்டப் பாற்பல் பாதுகாப்புச் சபையின் தலைவர் கதிராமத்தம்பி அவர்கள். நீர்ப்பாசன இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பெரிய மனிதர்களுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காது. அவர்கள் வீட்டில் இருப்பது வீட்டுக்காரிக்கும் பிடிக்காது. ஆகவே அரசாங்கம் பார்த்து அவர்களுக்கென்று சபைகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. மரம் நடுகைச் சபை, சிக்கனச் சபை என்று நல்ல சபைகளின் தலைவர் கதிரைகளெல்லாம் நிரம்பிவிட்டபடியால் கதிராமத்தம்பி அவர்களுக்கு மிஞ்சியது பாற்பல். அவர் மனம் தளரவில்லை. முன்பு குளக்கட்டுகளைப் பற்றிப் பேசிய பேச்சையே தூசு தட்டி எடுத்து, இடைக்கிடை பல்லைச் செருகிக்கொண்டார்.

"பொதுமக்களே! குளக்கட்டில் ஒரு நண்டுப் பொந்தை அசட்டை செய்தால் என்ன நடக்கும்? வயல்வட்டை முழுவதும் அழியும். பாற்பல்லும் அப்படித்தான். விழப்போகிற பல்தானே என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு முளைக்கப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே பாற்பல்தான். அது சூத்தையானால் அடியில் கிடக்கிற குருத்துக்கும் அழுகல் இறங்கும். பிள்ளை சாப்பிடாது. நித்திரை கொள்ளாது. பேச்சுத் திருந்தாது. ஒரு குழந்தையின் பாற்பல்லைக் கவனிக்காத தேசம் எந்தக் குளக்கட்டைக் கட்டி என்ன பயன்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. பிற்காலத்தில் படித்த டாக்டர்களிடம் விசாரித்தும் பார்த்தேன். அத்தனையும் சரியாம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதனால்தான்.

பேச்சு முடிந்ததும் சபையின் கட்டளைகளைச் செயலாளர் வின்சன்ற் வாசித்தார். வெள்ளைக் காற்சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, எதற்கும் தலையாட்டுகிற மனிதர். முதலாவது கட்டளை, பாற்பல்லை யாரும் பிடுங்கக்கூடாது. இரண்டாவது, தானாக விழுந்த பல்லைக் கூரையில் எறியக்கூடாது. அது சபைக்குச் சேர வேண்டியது.

இந்த இரண்டாவது கட்டளையைக் கேட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பல் விழுந்தால் பிள்ளை அதைக் கூரைமேல் எறிந்து, "அணிலே அணிலே, என்ர பல்ல எடுத்துட்டு உன்ர பல்லத் தா" என்று கேட்கும். அணில் தேங்காயையே துளைக்கிற சாதி. அதன் பல்லைப்போல ஒரு பல் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? வேதக்காரர், சைவர், சோனகர் என்ற பேதமெல்லாம் அணிலுக்குக் கிடையாது. எல்லார் பல்லையும் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் பல் கொடுத்துக்கொண்டிருந்தது. சபை அதை மூடநம்பிக்கை என்று அறிவித்தது.

கடைசியாகக் கச்சி முகம்மது காக்காவை லொறியில் ஏற்றினார்கள். சோனக அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் இடுப்பில் கட்டுகிற சாரம் விற்க வருகிறவர். எங்கள் கரையூர்களுக்குப் பல்லுக் கழற்றுகிறவரும் அவர்தான். பல்லில் நூலைக் கட்டிவிட்டு, "அந்தா கொக்கு!" என்பார். பிள்ளை கொக்கைப் பார்க்கும். பார்த்து முடிவதற்குள் பல் காக்காவின் கையில் இருக்கும். சபை அவருக்கு மாலை போட்டு, பாற்பல் காப்பாளர் என்ற பட்டத்தையும் கொடுத்து, இனி எந்தப் பிள்ளையின் பாற்பல்லையும் தொடமாட்டேன் என்று ஒலிபெருக்கியில் சத்தியம் வாங்கிக்கொண்டது. மாலை போட்டால் மனிதன் எதைத்தான் சொல்லமாட்டான்!

ஊர் முழுவதும் அந்தப் பேச்சைக் கேட்டது. நம்பியவன் ஒருவன்தான். அவன் பெயர் இராயப்பு.

இராயப்பு இறால் பிடிக்கிறவன். அதுவரைக்கும் அவன் ஒலிபெருக்கியைக் கேட்டதெல்லாம் வேதக்கோயில் திருநாளில், பூசைக்குத்தான். அதிலே பொய் சொல்லலாம் என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் மக்டலினுக்கும் ஒரே பிள்ளை பீற்றிஸ், ஆறு வயது. முன்பல் எல்லாம் முல்லை மொட்டுப் போல வரிசையாக இருக்கும். வலது பக்கத்துக் கீழ்க் கடைவாயில் மட்டும் ஒரு பல் கறுத்துக் குழிவிழுந்து, சோறு பட்டால் பிள்ளை துடிக்கும்.

"கச்சி முகம்மது காக்கா அந்தா நிக்கிறார். கூப்பிட்டு நூலக் கட்டிக் கழட்டி விடுங்களன்" என்றாள் மக்டலின்.

"நீ கேக்கல்லியா? கழட்டப்படாது. அது அத்திவாரம். அவங்க பெரிய ஆக்கள், மருந்து வெச்சிரிப்பாங்க. நாளைக்கே டவுனுக்குக் கொண்டு போறன்."

மறுநாள் பிள்ளைக்குத் திருநாள் சட்டையைப் போட்டு, பஸ் பிடித்து, மட்டக்களப்பு டவுனில் சபைக் காரியாலயத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். வின்சன்ற் அவனைக் கண்டதும் எழும்பியே விட்டார். பேச்சைக் கேட்டு யாராவது தேடி வருவார்கள் என்று சபை எதிர்பார்த்திருக்கவில்லை. வருகிறவர்களை இருத்த ஒரு வாங்குகூட அங்கே இல்லை.

"ஐயா, லொறியில சொன்னீங்க. அதான் கொண்டு வந்தன்."

"என்ன சொன்னம்?"

"பாற்பல்லக் கவனிக்கோணும் எண்டு."

"ஓம், சொன்னம். நல்லாக் கவனிங்க."

"நோவுது ஐயா. புள்ள ராவெல்லாம் அழுவுறா. என்ன செய்யிற?"

வின்சன்ற் தலையாட்டினார். "பாருங்க, இது பாதுகாப்புச் சபை. பல்லு நல்லா இரிக்கிற வரைக்கும்தான் எங்கட பொறுப்பு. கெட்டுப்போனா மறுகா அது வைத்தியப் பகுதிக்குப் போயிரும். நீங்க கொஞ்சம் பிந்திட்டீங்க."

பீற்றிஸுக்கு ஒரு பற்தூரிகை கொடுத்தார்கள். அதைக் கொடுப்பதைப் படம் பிடிக்க ஆள் இல்லாதபடியால் திருப்பி வாங்கி, படம் பிடிக்கிறவர் வந்ததும் மறுபடி கொடுத்தார்கள்.

பல் சிகிச்சை நிலையத்தில் இருந்த வைத்தியர் நல்ல மனிதர். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"பாற்பல்லு. இதுக்கு அடைக்கிற மருந்து எங்களுக்குத் தாறல்ல. விழப்போற பல்லுக்கு அரசாங்கச் சாமானச் செலவழிச்சா என்னைக் கேள்வி கேப்பாங்க."

"எப்ப ஐயா விழும்?"

"கடைவாய்ப் பல்லுத்தானே. பத்துப் பதினொரு வயசில தானா விழும்."

"புள்ளைக்கி இப்ப ஆறு."

"ஓம், கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்."

"அப்ப கழட்டி விடுங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வைத்தியர் பயந்துபோய் வாசலைப் பார்த்தார். "என்னப்பா நீ? சபை சுற்றறிக்கை அனுப்பியிரிக்கி. அவங்கட அனுமதி இல்லாமப் பாற்பல்லில குறடு வைக்க ஏலா. பாற்பல்லு எவ்வளவு முக்கியம் எண்டு உனக்குத் தெரியாதா?"

பிடுங்க முடியாத அளவுக்கு முக்கியமான பல். அடைக்க முடியாத அளவுக்கு முக்கியமில்லாத பல். இராயப்பு இதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கேயோ தான்தான் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி சபைக்கு நடந்தான்.

இந்த முறை தலைவரே இருந்தார். அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது.

"தம்பி, சபை தோன்றின நாள்முதல் இந்த மாவட்டத்தில ஒரு பாற்பல்லும் பிடுங்கப்படல்ல. கொழும்பில இதக் கேட்டுட்டு என்ர முதுகில தட்டினாங்க. இப்ப உன்ர மகளின்ர ஒரு பல்லுக்காக நான் அனுமதி தந்தா, அந்த எண்ணிக்கை என்னாகும்? ஒண்டு ஆகும். பூச்சியத்துக்கும் ஒண்டுக்கும் இரிக்கிற தூரம் உனக்குத் தெரியுமா?"

"நோவுது ஐயா."

"நோகட்டும். பல்லு நோகுது எண்டா உயிரோட இரிக்கி எண்டு அர்த்தம். உயிரோட இரிக்கிற பல்லப் பிடுங்கச் சொல்லி அப்பன்காரனே கேக்கிறதா?"

இராயப்புவுக்கு வெட்கமாகிவிட்டது. பிள்ளைக்கு இன்னொரு பற்தூரிகை கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் கராம்பு வைத்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார்கள். நோ ஒருநாள் அடங்கும், மறுநாள் மும்மடங்காய்த் திரும்பி வரும். மக்டலின் பொறுக்க முடியாமல் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். முன்பல் என்றால் வரும். இது கடைவாய்ப் பல். வேரோடு பிடித்துக்கொண்டு இருந்தது. நூல்தான் அறுந்தது. அடுத்த முறை கச்சி முகம்மது காக்கா சாரம் கொண்டு வந்தபோது, அவரை வழியில் மறித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காக்கா, உங்களுக்கும் பேரப்புள்ளைகள் இரிக்கி. ஒருக்காக் கழட்டி விடுங்க."

"புள்ள, எண்ட கை துடிக்குது. எண்டாலும் மைக்கில சத்தியம் செஞ்சிட்டன். அல்லாட பேரச் சொல்லிச் செஞ்ச சத்தியம். அவனுகளுக்காக இல்ல, மேல இரிக்கிற அவனுக்காகப் பயப்புடுறன். சபையில போய் எண்ட சத்தியத்தத் திருப்பித் தாங்க எண்டும் கேட்டன். வாங்கின சத்தியத்தத் திருப்பிக் குடுக்க வழியில்லயாம்." கண் கலங்கிப்போய்ச் சைக்கிளில் ஏறினார். மாலை போட்டவர்களை அவர் வழி நெடுகத் திட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி.

அன்றைக்குத்தான் மக்டலின் புருஷனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள். "அவங்க பல்லுக்குத்தான் சபை வெச்சிரிக்காங்க. புள்ளைக்கி வெச்சில்ல. உங்களுக்கு இன்னும் விளங்கல்லியா?"

அவனுக்கு விளங்கவில்லை. லொறியில் சொன்னது அவ்வளவு சரியாக இருந்ததே!

இதற்கிடையில் சபையின் பல் சேகரிப்பும் மும்முரமாக நடந்தது. ஆக அதிகம் பல் கொடுக்கிற ஊருக்குக் கேடயம் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் ஊர்த் தலைவர் விதானையாருக்குக் கேடயங்களில் தீராத ஆசை. பழைய பல் எல்லாம் கூரைகளில்தானே கிடக்கும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு வீடு ஆள் ஏற்றினார். கூரைக் கிடுகைக் கிளறினார்கள், வளைமரத்தை உலுக்கினார்கள். கிடைத்தது கொஞ்சப் பல்லும், ஒரு சாரைப்பாம்பும், இராயப்பு கலியாணத்துக்கு முன்னர் தொலைத்த தூண்டில் ஒன்றும். அணில்கள் புளியமரத்தில் இருந்து கத்தின. ஐப்பசி பிறந்து மழை இறங்கியபோது ஊரில் ஒழுகாத வீடு விதானையாருடையது மட்டும்தான். அது ஓட்டு வீடு.

அந்த மழைக்கிடையில் பாற்பல் வாரம் வந்தது. டவுன் பள்ளிக்கூட மண்டபத்தில் மாவட்டத்தின் சிறந்த பாற்பல்லுக்கான போட்டி. ஊருக்கு ஒரு பிள்ளை கட்டாயம் என்று விதானையார் வீடு வீடாகத் திரிந்தார். ஆறு வயதிலும் முன்பல் விழாத பிள்ளை எங்கள் ஊரில் பீற்றிஸ்தான். அப்போது அவள் வலது கன்னம் வீங்கியிருந்தது. மக்டலின் விடமாட்டேன் என்றாள். இராயப்பு யோசித்தான். பெரிய ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், வாயைத் திறந்து பார்க்கத்தான் போகிறார்கள், பார்த்தால் விட்டுவிடுவார்களா? அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நடுவர்கள் வரிசையாக வந்து பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னார்கள். பீற்றிஸுக்கு வாயை அகலத் திறக்க முடியாது. உதட்டை மட்டும் மெல்ல விலக்கினாள். முன்பல் வரிசை பளிச்சென்று தெரிந்தது.

"அடக்கமான சிரிப்பு" என்று ஒரு நடுவர் எழுதினார்.

"கன்னத்தைப் பாருங்கோ, என்ன கொழுகொழு என்று!" என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இன்னொருவர். "பல் ஆரோக்கியமாக இருந்தால் உடம்பு எப்படிச் செழிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமோ?"

தலைவர் அந்தக் கன்னத்தைக் கிள்ளினார். பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று வின்சன்ற் மைக்கில் சொன்னார். வீங்கிய பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார்கள். முதற்பரிசு பீற்றிஸுக்கு. பரிசு, ஒரு பெரிய தகரப்பெட்டி நிறைய டொபி. சபைப் பொருளாளரின் கடை உபயம்.

கைதட்டல் ஓயும்வரைக்கும் பொறுத்திருந்து இராயப்பு மேடைக்குப் பக்கத்தில் போனான்.

"ஐயா, இது கொழுப்பில்ல. வீக்கம். அந்தப் பல்லுத்தான் ஐயா. ஒருக்கா உள்ளுக்குப் பாருங்க."

கதிராமத்தம்பி அவர்கள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார். "தம்பி, முதற்பரிசு எடுத்த வாயில கெட்ட பல்லு இரிக்க ஏலாது. இரிந்தா நடுவர்மார் பிழை எண்டாகும். நடுவர்மார் பிழை எண்டா சபை பிழை எண்டாகும். மார்கழியில கொழும்பில அகில இலங்கைப் போட்டி. அதுவரைக்கும் இந்த வாயில ஆரும் கை வைக்கப்படாது. விளங்குதா? இது இனி உன்ர பிள்ளையின்ர வாய் மட்டுமில்ல, மாவட்டத்தின்ர வாய்."

பீற்றிஸ் டொபிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஒன்றைக்கூடத் தின்னவில்லை. மற்றப் பிள்ளைகள் கேட்க, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் அடுத்த வருஷம் இன்னும் பல பிள்ளைகளுக்குப் பல் சூத்தையானது அந்தப் பெட்டியால்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

கார்த்திகை பிறந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல். கன்னத்து வீக்கம் தாடைக்கு இறங்கி, தாடை கழுத்தோடு சேர்ந்துவிட்டது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கூரை ஒழுக ஒழுகப் பாயை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக இழுத்தபடி மக்டலின் செபமாலை சொன்னாள். வெள்ளத்தில் வீதி உடைந்து பஸ் நின்றுபோயிருந்தது. விடியக்காலையில் இராயப்பு தோணியைத் தள்ளினான். மழை கொட்டுகிறது, வாவி கடல் மாதிரிக் கிடக்கிறது, தாயும் பிள்ளையும் ஒரு பன்பாய்க்குக் கீழே. டவுன் வரைக்கும் கம்பால் தாங்கிப் போனான். வழி நெடுக "சேசுவே, சேசுவே" என்று மக்டலின் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே தாடையை வெளிப்பக்கமாக வெட்டிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது கடவுள் செயல் என்று எல்லாரும் சொன்னார்கள். வெட்டிய பெரிய டாக்டர் வெளியே வந்து இராயப்புவைப் பிடித்துக்கொண்டார்.

"நீயெல்லாம் ஒரு தகப்பனா? பாற்பல்லுத்தானே எண்டு விட்டுட்டாய், என்ன? லொறி பிடிச்சு ஊர் ஊரா வந்து சொல்லுறாங்களே, அதக்கூடக் காதில வாங்கமாட்டீங்களா?"

இராயப்பு கைகட்டி நின்று கேட்டான். அவன் காதில் வாங்கியதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்!

பிள்ளைக்கு நினைவு தெளிந்ததும், தாதி ஒருத்தி இரக்கப்பட்டு, பஞ்சில் சுற்றி அந்தப் பல்லை அவள் கையில் வைத்தாள். கறுத்த, குழிந்த, அருவருப்பான சின்னப் பல். பீற்றிஸ் அதைப் பொத்தி வைத்துக்கொண்டாள். வாய் திறக்க முடியாமல் கட்டுப் போட்டிருந்தது. விரலால் மேலே கூரையைக் காட்டினாள்.

"ஓம் மனே" என்றாள் மக்டலின். "ஊட்டுக்குப் போய் எறிவம். அணிலுக்குத்தான் குடுக்கிற. அது நல்ல பல்லாத் தரும்."

மாவட்ட வெற்றியாளர் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி சபைக்கு எட்டியது. அடுத்த நாளே தலைவரும் வின்சன்றும் வந்தார்கள். ஆப்பிளுடன் வருவார்கள் என்று பார்த்தால், மூடி போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றுடன் வந்தார்கள். பல் பிடுங்கப்பட்டதா விழுந்ததா என்பதுதான் தலைவருக்கு இருந்த ஒரே கவலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே அவர் அதைத் தீர்த்து வைத்தார்.

"டொக்டர் வெட்டினது தாடைய. பல்ல இல்ல. தாடைய வெட்டக்குள்ள பல்லு தானா விழுந்திரிக்கி. எழுதும் வின்சன்ற், வீழ்ந்தது."

வின்சன்ற் எழுதிக்கொண்டார். பிறகு, விழுந்த பல் சபைக்குச் சேர வேண்டியது என்ற விதிப்படி, பிள்ளையின் கையைப் பார்த்தார். பீற்றிஸ் கையை இறுக்கிக்கொண்டாள். வின்சன்ற் கெட்ட மனிதர் இல்லை. கட்டளை என்றால் நிறைவேற்றுகிற மனிதர். மெதுவாக, நோகாமல், ஒவ்வொரு விரலாக விரித்து எடுத்தார். பிள்ளையால் கத்தவும் முடியவில்லை. அந்த நேரத்தில் நான் அங்கே நின்றிருந்தால் அந்தக் குப்பியை அவர் தலையிலேயே உடைத்திருப்பேன். இராயப்பு நின்றான், அவனுக்கு உடைக்கத் தெரியவில்லை.

மார்கழியில் கொழும்புப் போட்டிக்குச் சபை வேறொரு பிள்ளையைக் கொண்டுபோனது. பீற்றிஸ் தாடையில் குழி விழுந்த தழும்புடன் வீட்டுக்கு வந்தாள். வாய் முன்போல அகலத் திறக்கவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத்தான் ஊட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒரே கேள்விதான்.

"அப்பா, அணிலுக்குப் பல்லு குடுக்கல்ல. அது எனக்கு எப்பிடித் தரும்?"

கேட்டுக் கேட்டு அவன் நெஞ்சை அரித்தாள். அணிலில் இராயப்புவுக்கு நம்பிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு இருந்தது, அது போதும். தை பிறந்து வீதி திருத்தியதும் அவன் சபைக்குப் போனான். அங்கே சுவர் நிறையக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு பல், ஊர்ப் பெயருடன். அவற்றுக்குக் கீழே தலைவர் கதிரையில் இருந்தார்.

"ஐயா, என்ர மகள்ர பல்ல ஒருக்காத் தாங்க. கூரையில எறிஞ்சுட்டு, வேணுமெண்டா ஏறி எடுத்துக் கொண்டந்து தாறன்."

"அணிலுக்குக் குடுக்கவா?" தலைவருக்கு உண்மையிலேயே துக்கமாகப் போய்விட்டது. "இவ்வளவு பாடுபட்டு உங்களுக்கு அறிவு புகட்டினம். கடைசியில நீ அரசாங்கச் சொத்தை அணிலுக்குக் கேட்டு வாறாய். நம்மட சனத்துக்குப் பல்லு என்னத்துக்கு, வின்சன்ற்?"

வின்சன்ற் தலையாட்டினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது இரகசியமாக ஒன்று சொன்னார். "அந்தப் பல்லு இப்ப இஞ்ச இல்ல. சூத்தையாப் போன பல்லக் காட்சிக்கு வைக்க ஏலாதே. சபைக்கு அவமானம். அப்பவே சன்னலால எறிஞ்சுட்டம்."

இராயப்பு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனான். சன்னலுக்குக் கீழே முழங்கால் அளவு புல். அவன் மண்டியிட்டுக் கையால் விலக்கி விலக்கித் தேடினான். இறால் கூனியைச் சேற்றில் துழாவித் தேடுகிற கைகள் அவை. சின்னச் சின்னக் கல்லெல்லாம் அகப்பட்டது. வெயில் ஏறிய பிறகு காவற்காரன் வந்து, சபை வளவுக்குள் என்ன செய்கிறாய் என்று விரட்டினான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பொய் சொன்னான். டவுன் அணில் எடுத்துவிட்டது என்றான். அவள் நம்பினாள், அவன் மகள்தானே. அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் புளியமரத்தடிக்குப் போய், விரலை வாய்க்குள் விட்டு ஈறைத் தடவிப் பார்ப்பாள். காலம் போனது. அவளோடு ஒத்த பிள்ளைகளுக்கெல்லாம் புதுப் பல் முளைத்தது. அவளுக்கும் மற்ற இடங்களில் முளைத்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அடியில் கிடந்த குருத்துக்கும் அழுகல் இறங்கிவிட்டிருந்தது. லொறி சொன்னபடியேதான்.

அடுத்த புரட்டாதியில் லொறி மறுபடி வந்தது. புது வர்ணம் பூசியிருந்தார்கள். பலகைப் பல் இருந்த இடத்தில் பெரியதொரு சித்திரம்: உதட்டை மெல்ல விலக்கிச் சிரிக்கிற சிறுமி ஒருத்தி. அந்தப் போட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தது. வீங்கிய கன்னத்தை ஓவியர் இன்னும் கொஞ்சம் ஊதி, சிவப்பும் தீட்டியிருந்தார். கீழே "ஆரோக்கியமான பாற்பல், ஆனந்தமான குழந்தை" என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் தலைவர் குளக்கட்டு நண்டுப் பொந்தில் ஆரம்பித்து, மாவட்டத்தில் இன்றுவரை ஒரு பாற்பல்கூடப் பிடுங்கப்படவில்லை என்பதற்கு வந்து சேர்ந்தார். ஊர் கைதட்டியது.

பீற்றிஸ் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தாடைத் தழும்பை மூடியபடி சித்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தான்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்தப் புள்ளைக்கி நோவுது."

"ஆருக்கு, மகள்?"

"அந்தா, லொறியில இரிக்கிற புள்ளைக்கி. பாவம். ஒருக்கா அவங்களுக்கிட்டச் சொல்லுங்களன்."

இராயப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு லொறியடிக்குப் போய்ச் சொன்னான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் குரல் எழும்பவில்லை. வின்சன்ற் குனிந்து, காதில் கைவைத்துக் கேட்கிற மாதிரிக் கேட்டார், தலையாட்டினார், பிறகு அவன் கையில் ஒரு பற்தூரிகையை வைத்தார்.